எம்ஆர்ஐ வலது என்கிறது, ஈஈஜி இடது என்கிறது: வலிப்பு அறுவைக்கு முன் எதை நம்புவது?

#1 தேனி_மாறன்

வணக்கம். தங்கைக்காகக் கேட்கிறேன். வயது 24. பள்ளியில் படிக்கும்போதே ஃபிட்ஸ் தொடங்கிவிட்டது. கார்பமசெபின், லெவிடிராசெட்டம், க்ளோபசாம் என்று அடுத்தடுத்துப் பார்த்தாயிற்று. இப்போது மூன்றும் சேர்ந்தே ஓடுகிறது, ஆனாலும் மாதத்தில் நாலைந்து தடவை வந்துவிடுகிறது.

பழைய எம்ஆர்ஐயில் வலது பக்க மூளையில் சுண்ணாம்பு படிந்த ஒரு சின்னப் புள்ளி. நாடாப்புழு முட்டையால் வந்த கட்டி ஆறிப்போன தழும்பு என்று எழுதியிருக்கிறார்கள். மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் ஈஈஜி அறிக்கையிலோ "இடது டெம்போரல் (காதோர) பகுதியில் கூர் அலைகள்" என்று இருக்கிறது. இப்போது பார்க்கும் நரம்பியல் டாக்டர், அறுவை சிகிச்சை பற்றி யோசிக்கலாம், அதற்கு முன் வீடியோ ஈஈஜி வார்டில் சேர்க்க வேண்டும், மாத்திரையைக் குறைத்து ஃபிட்ஸ் வரும்போது பதிவு செய்ய வேண்டும் என்கிறார்.

அப்பா ஒரே பிடியாக நிற்கிறார். "புள்ளிதான் தெரியுதே, அதை எடுத்துட வேண்டியதுதானே? இத்தனை வருஷமா வரக்கூடாதுன்னு மாத்திரை குடுத்துட்டு, இப்ப வரணும்னு எதுக்கு நிறுத்தணும்?" என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கோவை_பாலு

தம்பி, மூளையில் கத்தி வைக்கும் பேச்சே வேண்டாம். புது மாத்திரைகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. டாக்டரை மாற்றிப் பாருங்கள். எங்கள் குடும்பத்தில் பட்டிருக்கிறோம், அதனால் சொல்கிறேன்.

#3 இரவுப்பணி_மருத்துவர்

பாலு சார், மாத்திரைக் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். கிளாஸ்கோவில் புதிதாக வலிப்பு கண்டறியப்பட்ட 470 பேரைத் தொடர்ந்து கவனித்து 2000-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முதல் மருந்திலேயே 47 சதவீதம் பேருக்கு வலிப்பு நின்றது. இரண்டாவது மருந்தில் இன்னும் 13 சதவீதம். அதற்கப்புறம் மூன்றாவது மருந்து, கூட்டு மருந்து என்று என்ன கொடுத்தும் 4 சதவீதம்தான். சரியான மருந்து இரண்டைச் சரியான அளவில் கொடுத்தும் நிற்காவிட்டால் அதை மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று வலிப்பு மருத்துவர்களின் சர்வதேச அமைப்பு 2010-இல் வரையறுத்தது. மாறனின் தங்கை அந்தக் கோட்டைத் தாண்டி வெகு நாளாகிறது.

மாறன், அப்பாவின் கேள்வி நியாயமானது. எம்ஆர்ஐ காட்டுவது தழும்பு எங்கே இருக்கிறது என்பதை. வலிப்பு எங்கே தொடங்குகிறது என்பதை அது காட்டாது. நம் நாட்டில் இந்தச் சுண்ணாம்புப் புள்ளி சர்வ சாதாரணம். புள்ளி இருந்தும் ஒரு ஃபிட்ஸ் கூட வராதவர்கள் உண்டு. சிலருக்கு அந்தப் புள்ளிதான் காரணம். இன்னும் சிலருக்குப் புள்ளி ஒரு பக்கம் சும்மா கிடக்கும், வேறொரு இடத்தில், டெம்போரல் மடலின் உள்ளே நினைவுக்கு உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி சுருங்கி அங்கிருந்து வலிப்பு கிளம்பும். படத்தை மட்டும் பார்த்து இந்த மூன்றில் எது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒன்று கேட்கிறேன். ஃபிட்ஸ் வரும்போது முதல் பத்து நொடிகளில் என்ன நடக்கிறது? எந்தக் கை என்ன செய்கிறது? முடிந்தபின் பேச்சு உடனே வருகிறதா? வீட்டில் யார் அதிகம் பார்த்திருக்கிறார்களோ அவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.

#4 தேனி_மாறன்

அம்மாவிடம் கேட்டேன் டாக்டர். "வயித்துல இருந்து என்னமோ மேல ஏறுது" என்பாளாம். பிறகு கண் நிலைகுத்திவிடும், கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். வாயில் எதுவும் இல்லாமலே மெல்லுவாள். இடது கையால் துப்பட்டா நுனியைப் பிடித்துக் கசக்கிக்கொண்டே இருப்பாள். வலது கை மட்டும் முறுக்கிக்கொண்டு விறைத்து நிற்கும். ஒன்றரை நிமிடம்போல இருக்கும். முடிந்ததும் இடது கையால் மூக்கைத் துடைப்பாள், இதை அம்மா அடித்துச் சொல்கிறார். அதன்பின் கொஞ்ச நேரம் நாம் சொல்வது புரிந்த மாதிரி இருக்கும், ஆனால் பதில் வராது. "அது… அது…" என்று தடுமாறுவாள்.

#5 இரவுப்பணி_மருத்துவர்

அம்மாவுக்கு ஒரு வணக்கம் சொல்லுங்கள். பல டிஸ்சார்ஜ் சம்மரிகளில் இந்த அளவு விவரம் இருக்காது. இங்கே உட்கார்ந்து யாருக்கும் நோய் சொல்ல முடியாது, இருந்தாலும் ஒவ்வொன்றும் எதைக் காட்டக்கூடும் என்று சொல்கிறேன்.

வயிற்றிலிருந்து மேலே ஏறும் உணர்வு, பிறகு நிலைகுத்தல், வாய் மெல்லுதல்: இது டெம்போரல் மடலின் உட்பக்கத்திலிருந்து கிளம்பும் வலிப்பின் வழக்கமான வரிசை. இனிப் பக்கம். டெம்போரல் வலிப்பில் ஒரு கை துணியைக் கசக்க, மற்றொரு கை முறுக்கி விறைத்தால், விறைத்த கைக்கு எதிர்ப்பக்க மூளையைத்தான் சந்தேகிப்போம். வலது கை விறைப்பு என்றால் இடது மூளை. மூக்கைத் துடைக்கும் கை பெரும்பாலும் வலிப்பு தொடங்கிய அதே பக்கத்துக் கை, அதுவும் இடது. முடிந்தபின் பேச்சு வரத் தாமதமாவது மொழி இருக்கும் பக்கத்தைக் காட்டும். வலது கைப் பழக்கம் உள்ள பெரும்பாலானவர்களுக்கு அதுவும் இடதுதான்.

ஈஈஜியும் இடது. வலது பக்கப் புள்ளி மட்டும்தான் தனியாக நிற்கிறது.

இதற்குமேல் ஊகம் போதாது, நிரூபிக்க வேண்டும். இரண்டு ஃபிட்ஸுக்கு நடுவே ஈஈஜியில் தெரியும் கூர் அலை ஒரு பகுதியைக் காட்டும். உடம்பில் அறிகுறி தெரிவது அலை பரவிப் போய்ச் சேர்ந்த பகுதியால், அது வேறு இடமாகவும் இருக்கலாம். வலிப்பு உண்மையில் புறப்படும் இடம் மூன்றாவது. இந்த மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துகிறதா என்று பார்க்கத்தான் வீடியோ ஈஈஜி. எடுத்தால் வலிப்பு நிற்கும் என்கிற இடத்தை நேரடியாகக் காட்டும் பரிசோதனை இன்றுவரை கிடையாது. அறுவை முடிந்து, வலிப்பு நின்றபின்தான் அந்த இடம் எடுத்த பகுதிக்குள் இருந்தது என்று உறுதியாகும். அதனால் முன்கூட்டியே பல சாட்சிகளைத் தனித்தனியாக விசாரிக்கிறோம்.

#6 ஈஈஜி_அறை

நான் இந்த வார்டில்தான் வேலை பார்க்கிறேன், டெக்னீஷியன். டாக்டர் சொல்லாமல் விட்ட ஒன்று: தலைக்கு மேலே ஒட்டும் எலக்ட்ரோடுக்கு உள்ளே நடப்பது எல்லாம் கேட்காது. மூளையின் மேற்பரப்பில் சுமார் 10 சதுர சென்டிமீட்டர் அளவாவது ஒன்றாகத் துடித்தால்தான் வெளியே ஓர் அலை தெரியும். ஹிப்போகாம்பஸ் ஆழத்தில் இருக்கிறது. அங்கே கிளம்பியது வெளிப்பக்கம் பரவி வரும்வரை திரையில் ஒன்றும் இருக்காது. அதற்குள் பேஷன்ட் மெல்ல ஆரம்பித்தால் தாடைத் தசையின் மின்சாரம் திரை முழுக்கக் கறுப்பாக அடைத்துக்கொள்ளும். அதனால் ஒரே ஒரு ஃபிட்ஸ் பதிவானால் போதாது. பல தடவை வந்து, ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்திலிருந்து கிளம்புகிறதா என்று பார்ப்பார்கள். டெம்போரல் சந்தேகம் என்றால் காதுக்கு முன்னாலும் கீழேயும் கூடுதல் எலக்ட்ரோடு ஒட்டுவோம்.

மாத்திரையைக் குறைப்பது பற்றிப் பயப்படுவது இயல்புதான். வீட்டில் நீங்களாக ஒருபோதும் செய்யாதீர்கள். வார்டில் ஊசி போடக் கையில் லைன் இருக்கும், கட்டிலுக்குத் தடுப்பு இருக்கும், கேமராவை இரவு பகலாக ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஃபிட்ஸ் வந்ததும் நர்ஸ் ஓடி வந்து போர்வையை விலக்குவார், கை கால் கேமராவில் தெரிய வேண்டும். "உங்க பேர் என்ன?", "கையைத் தூக்குங்க" என்று கேட்பார். "பச்சைக் கிளி, ஞாபகம் வச்சுக்கோங்க" என்பார். தெளிந்ததும் "நான் என்ன சொன்னேன்?" என்று கேட்பார். கிளியைச் சொன்னால் ஒரு அர்த்தம், சொல்லாவிட்டால் ஒரு அர்த்தம். வேறு மாநிலத்தில் சேர்த்தால் நர்ஸிடம் தங்கைக்குத் தமிழ்தான் தெரியும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். புரியாத மொழியில் கேட்டுப் பதில் வராததைப் பேச்சு நின்றதாக எழுதிவிடக் கூடாதல்லவா? கூட இருப்பவர்கள் செய்ய வேண்டியது பட்டனை அழுத்திவிட்டுக் கேமராவை மறைக்காமல் நகர்ந்து நிற்பது. நம்மவர்கள் பாசத்தில் ஓடிப்போய்க் கட்டிப் பிடித்துக்கொள்வார்கள். எந்தக் கை விறைத்தது என்பதே பதிவில் இருக்காது.

#7 தழும்பு_தலையன்

அக்கா சொல்வதெல்லாம் அனுபவித்தவன் நான். வலது டெம்போரல் அறுவை முடிந்து சில வருடம் ஆகிறது.

வார்டில் பெரிய வேடிக்கை, வருஷக்கணக்கில் வராதே வராதே என்று வேண்டிய எங்கள் அம்மா, அங்கே தினமும் காலையில் "இன்னும் வரலையேடா" என்று கவலைப்பட்டார். தூங்க விட மாட்டார்கள். ராத்திரி முழுக்க விழித்திரு என்பார்கள். டிவியும் சீட்டுக்கட்டும்தான் துணை. கடைசியில் வந்தது, வரிசையாக வந்தது.

எனக்கு ஸ்பெக்ட் ஸ்கேனும் எடுத்தார்கள். கதிரியக்க மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றித் தயாராக வைத்துக்கொண்டு கட்டில் பக்கத்திலேயே ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஃபிட்ஸ் தொடங்கியதும் சில நொடிகளில் ஏற்றிவிட வேண்டுமாம். ஏன் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

#8 ஈஈஜி_அறை

இப்போது நான் சொல்கிறேன் தம்பி. அந்த நேரம் மூளையில் எங்கே ரத்தம் அதிகம் பாய்கிறதோ அங்கே மருந்து போய் ஒட்டிக்கொள்ளும், மணிக்கணக்கில் நகராது. அதனால் ஃபிட்ஸ் அடங்கி, சாவகாசமாக ஸ்கேன் எடுத்தாலும் ஊசி போட்ட நொடியின் படம்தான் வரும். ஊசி தாமதமானால் பரவிப்போன இடம் பளிச்சென்று தெரியும், தொடங்கிய இடம் தெரியாது. படத்தைப் பார்க்கும் டாக்டர் முதலில் கேட்பதே "எத்தனையாவது நொடியில் ஏத்தினீங்க?" என்பதுதான்.

பெட் ஸ்கேன் இதற்கு நேர் எதிர். ஃபிட்ஸ் இல்லாத நேரத்தில் எடுப்பார்கள். கோளாறான பகுதி சர்க்கரையைக் குறைவாக எடுத்துக்கொண்டு மங்கலாகத் தெரியும். ஆனால் மங்கும் பரப்பு பெரும்பாலும் உண்மையான இடத்தைவிடப் பெரிதாக இருக்கும். எந்தப் பக்கம் என்று சொல்ல உதவும், எல்லை போட உதவாது.

#9 நிரலி

இவ்வளவு எதற்கு? எம்ஆர்ஐயை ஏஐயிடம் கொடுத்தால் நொடியில் சொல்லிவிடாதா?

#10 இரவுப்பணி_மருத்துவர்

கேலி இல்லாமல் சொல்கிறேன், அந்த வேலை நடக்கிறது. மெல்டு என்று லண்டனை மையமாகக் கொண்ட ஒரு கூட்டு முயற்சி, கண்ணுக்குத் தப்பும் மூளைப் புறணிக் கோளாறுகளை எம்ஆர்ஐயில் தேடும் மென்பொருளை உருவாக்கி எல்லோருக்கும் திறந்துவிட்டிருக்கிறது. நல்ல கருவி. ஆனால் தவறான இடத்தையும் சேர்த்துக் காட்டும். அது காட்டிய இடத்தை ஈஈஜியோடு ஒப்பிட ஆள் வேண்டும்.

குறுக்குவழிகள் ஏமாற்றியதும் உண்டு. நொடிக்கு 80 முதல் 500 தடவை துடிக்கும் அதிவேக அலைகள்தான் வலிப்பு இடத்தின் முத்திரை என்று பலரும் நம்பினார்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் அறுவை நடக்கும்போதே பாதிப் பேருக்கு அந்த அலைகளை வைத்தும், மீதிப் பேருக்கு வழக்கமான கூர் அலைகளை வைத்தும் எல்லை போட்டுப் பார்த்தார்கள். 2022-இல் முடிவு வந்தது. புது முறை பழைய முறைக்கு ஈடு என்று காட்ட முடியவில்லை.

#11 பழைய_தாள்

வரலாற்றுப் பக்கம் ஒரு நடை போய்வரலாமா? எம்ஆர்ஐயும் இல்லை, ஈஈஜியும் இல்லை, எக்ஸ்ரேகூட இல்லை. அந்தக் காலத்திலேயே லண்டனில் நரம்பியல் மருத்துவர் ஹியூலிங்ஸ் ஜாக்சன், துடிப்பு கட்டைவிரலில் தொடங்கிக் கை, முகம் என்று எப்படி ஏறுகிறது என்பதைக் கவனித்தே மூளையில் இடம் சொன்னார். 1886-இல் அறுவை மருத்துவர் விக்டர் ஹார்ஸ்லி அந்த வழியில் இடம் பார்த்து அறுவை செய்தார். எக்ஸ்ரே வந்தது 1895-இல். மனித ஈஈஜி பற்றி ஹான்ஸ் பெர்கர் எழுதியது 1929-இல். மாறனின் அம்மா செய்தது ஜாக்சன் செய்த வேலைதான்.

நம் ஊர்க் கதையும் உண்டு. மொன்றியலில் வைல்டர் பென்ஃபீல்டு, நோயாளி விழித்திருக்கும்போதே மூளையைத் திறந்து, மெல்லிய மின்சாரம் கொடுத்து எங்கே பேச்சு, எங்கே கை என்று கேட்டுக் கேட்டு வரைபடம் போட்டவர். அவரிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949-இல் வேலூர் சிஎம்சிக்கு வந்து நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் வலிப்பு அறுவை 1952-இல் அங்கேதான் நடந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் வலிப்புக்கென்றே முழுமையான அறுவைத் திட்டம் 1995-இல் தொடங்கியது. தென் தமிழ்நாட்டிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் நாகர்கோவில் வழியாக அங்கே ரயிலேறிப் போயிருக்கின்றன.

#12 திருகோணமலை_அம்மா

இந்த இழையை வாசித்துக்கொண்டு வந்தேன். என்ட மகனுக்கு 9 வயது. நித்திரையில் மட்டும்தான் வரும். திடீரென்று எழும்பிச் சைக்கிள் மிதிக்கிற மாதிரிக் கால்களை அடிப்பான், கத்துவான், அரை நிமிசத்தில் முடிந்துவிடும். ஓர் இரவில் பல தடவை. கொழும்பில் எம்ஆர்ஐ எடுத்தோம், நோர்மல் என்றார்கள். நோர்மல் என்றால் ஒப்பரேஷனுக்கு வழியே இல்லையா?

#13 இரவுப்பணி_மருத்துவர்

அம்மா, வழி அடைபடவில்லை, நீளமாகிறது. தூக்கத்தில் வந்து, கைகால்களை வேகமாக அடித்து, சட்டென முடியும் வலிப்பில் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மடலைத்தான் முதலில் நினைப்போம். அங்கே ஒரு மடிப்பின் அடிப்பள்ளத்தில் பிறவியிலேயே நரம்புச் செல்கள் வரிசை தப்பி அமைந்திருக்கலாம். சில மில்லிமீட்டர்தான் இருக்கும், சாதாரண எம்ஆர்ஐயின் தடித்த துண்டுகளுக்கு நடுவே விழுந்துவிடும். எடுத்த படம் 3 டெஸ்லா (காந்த வலிமையின் அளவு) கருவியிலா, 1 மில்லிமீட்டர் துண்டுகளாகவா, வலிப்புக்கென்ற முறையில் எடுத்ததா என்று கேளுங்கள். அதே படத்தையே, ஈஈஜி எந்த இடத்தைக் காட்டுகிறது என்று தெரிந்த ஒரு ரேடியாலஜிஸ்ட் மறுபடி பார்த்தால் கண்டுபிடிக்கும் வாய்ப்பு கூடும்.

அப்படியும் தெரியாவிட்டால், அல்லது சாட்சிகள் முரண்பட்டால், அடுத்த கட்டம் எஸ்ஈஈஜி, அதாவது மூளைக்கு உள்ளேயே எலக்ட்ரோடு இறக்கி எடுக்கும் ஈஈஜி. பாரிஸின் சாந்த் ஆன் மருத்துவமனையில் தலைராக், பாங்கோ என்ற இரு மருத்துவர்கள் கொண்டுவந்த முறை. மண்டையோட்டில் பென்சில் முனைக்கும் குறைவான துளைகள் இட்டு, ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத எலக்ட்ரோடுகளை ஆழத்துக்கு இறக்குவார்கள். ரத்தக் குழாய்களைத் தவிர்த்துப் பாதையை முன்கூட்டியே கணினியில் வரைந்துகொள்வார்கள். ஒன்று இரண்டு வாரம் பதிவு நடக்கும். அதே எலக்ட்ரோடு வழியாகச் சிறு மின்சாரம் கொடுத்துப் பேச்சும் கையசைவும் எங்கே என்றும் பார்க்கலாம்.

இதிலும் ஒரு பொறி உண்டு. எலக்ட்ரோடு இறக்காத இடத்தில் என்ன நடக்கிறது என்று எஸ்ஈஈஜி சொல்லாது. எங்கே தேடுவது என்ற தெளிவான ஊகம் இல்லாமல் போட்டால், கிடைத்த இடத்தையே தொடங்கிய இடம் என்று நினைத்துவிடும் ஆபத்து இருக்கிறது. நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு ரத்தக்கசிவும் வரலாம். ஒவ்வொரு எலக்ட்ரோடும் ஒருமுறைதான் பயன்படும் என்பதால் செலவும் ஏறும். எல்லோருக்கும் தேவைப்படாது. எம்ஆர்ஐ, வீடியோ ஈஈஜி, அறிகுறி மூன்றும் ஒத்துப்போனால் நேராக அறுவைக்குப் போகலாம்.

#14 கோவை_பாலு

டாக்டர், நான் ஏன் வேண்டாம் என்றேன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் சொந்தத்தில் ஒரு பையன். ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். எம்ஆர்ஐயில் தெரிந்த ஒரு கட்டியை எடுத்தார்கள். வீடியோ ஈஈஜி என்ற பேச்சே அப்போது எழவில்லை. மூன்று மாதத்தில் பழையபடி ஃபிட்ஸ். பிறகு வேறு ஊரில் பார்த்தால் அது வருவதே டெம்போரல் பக்கத்திலிருந்து என்றார்கள். நிலத்தை விற்றுச் செய்த ஆபரேஷன் சார் அது.

#15 இரவுப்பணி_மருத்துவர்

உங்கள் கோபம் புரிகிறது. அந்தப் பையனுக்கு நடந்ததுதான் மாறனின் அப்பாவுக்கான பதில். தெரிந்த புள்ளியை எடுத்தார்கள், தொடங்கிய இடத்தைத் தேடவில்லை.

சரியாகத் தேடி ஆளைத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. கனடாவில் டெம்போரல் வலிப்பு உள்ள 80 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு 2001-இல் வந்தது. ஓர் ஆண்டு முடிவில் நினைவு தப்பும் வலிப்பு இல்லாதவர்கள் அறுவைக் குழுவில் 58 சதவீதம், மாத்திரைக் குழுவில் 8 சதவீதம். டெல்லி எய்ம்ஸில் 116 சிறார்களிடம் செய்த ஆய்வு 2017-இல் வந்தது. அங்கே 77 சதவீதம், 7 சதவீதம். பக்கவிளைவே இல்லை என்று சொல்ல மாட்டேன், எய்ம்ஸ் குழந்தைகளிலும் கை கால் பலவீனம் வந்தவர்கள் இருந்தார்கள், அதில் ஒரு பகுதி எந்த இடத்தை எடுக்கிறோம் என்பதால் எதிர்பார்த்ததே. ஆனால் நிற்காத வலிப்போடு இருப்பதும் பத்திரமான இடம் இல்லை. தூக்கத்தில் திடீரென உயிர் போவதும் இந்தக் கூட்டத்தில்தான் அதிகம்.

#16 தேனி_மாறன்

அப்பாவை உட்கார வைத்து இழை முழுவதும் படித்துக் காட்டினேன். பாலு அண்ணன் எழுதியதைக் கேட்டபின்தான் ஒத்துக்கொண்டார். சேர்க்கை தேதி வாங்கிவிட்டோம். ஒரு சந்தேகம்: இடது பக்கம் என்றால் ஞாபகசக்தி போய்விடும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். அவள் பி.எட். படிக்கிறாள்.

#17 இரவுப்பணி_மருத்துவர்

பயத்துக்குக் காரணம் உண்டு. 1953-இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு இரண்டு பக்க டெம்போரல் உட்பகுதியையும் எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் 2008-இல் இறக்கும்வரை புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியவில்லை. அதன்பின் யாரும் இரண்டு பக்கமும் தொடுவதில்லை. ஒரு பக்கம் எடுப்பதற்கும் முன்னால் மற்றப் பக்கம் தாங்குமா என்று பார்ப்பார்கள்.

இடது பக்கத்தில் பாதிப்பு வந்தால் சொற்களை, பெயர்களை நினைவில் வைப்பதில் வரும். இடது ஹிப்போகாம்பஸ் ஏற்கெனவே சுருங்கி வேலை செய்யாமல் இருந்தால் இழப்பு குறைவு. படத்தில் நன்றாக இருந்து, நினைவுத் தேர்விலும் நன்றாகச் செய்தால் இழப்பு அதிகம், அப்போது மருத்துவர்களே தயங்குவார்கள். அதற்குத்தான் நரம்பு உளவியல் தேர்வு. கதை சொல்லித் திருப்பிக் கேட்பார்கள், சொற்பட்டியல் கொடுப்பார்கள். தமிழில் நடத்தச் சொல்லுங்கள். மொழி எந்தப் பக்கம் என்று உறுதிசெய்ய முன்பு கழுத்து ரத்தக்குழாயில் மருந்து செலுத்தி ஒரு பக்க மூளையைச் சில நிமிடம் தூங்கவைக்கும் வாடா பரிசோதனை செய்வார்கள். இப்போது பல இடங்களில், பேசும்போது மூளையில் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காட்டும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேன் போதும். பி.எட். படிக்கிறாள் என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள், முடிவில் அதற்கும் கனம் உண்டு.

#18 ஈஈஜி_அறை

வரும்போது செய்ய வேண்டியவை சொல்கிறேன் மாறன். தலைக்கு முந்தின நாள் ஷாம்பு போட்டுக் குளிக்கட்டும், ஒரு சொட்டு எண்ணெய் வேண்டாம். கொலோடியன் என்ற பசையில் நனைத்த துணித்துண்டை ஒவ்வொரு எலக்ட்ரோடின் மேலும் வைத்துக் காற்றடித்துக் காயவைப்போம், எண்ணெய் இருந்தால் ஒட்டவே ஒட்டாது. முன்னால் பட்டன் வைத்த உடைகளாகக் கொண்டுவாருங்கள், தலை வழியாகக் கழற்றுவது எதுவும் முடியாது. எம்ஆர்ஐ ஃபிலிம் மட்டும் போதாது, சிடியும் வேண்டும். இதுவரை சாப்பிட்ட மருந்துகளை, அளவோடு ஒரு தாளில் எழுதி வாருங்கள்.

#19 தேனி_மாறன்

நன்றி அக்கா. அம்மா போனில் ஒரு வீடியோ எடுத்து வைத்திருக்கிறார், அதையும் கொண்டுவரட்டுமா? அதில் பார்த்தால் விறைப்பது இடது கை மாதிரித் தெரிகிறது, எனக்கே குழப்பமாகிவிட்டது.

#20 ஈஈஜி_அறை

செல்ஃபி கேமராவில் எடுத்ததா? சில போன்களில் அது கண்ணாடி போல இடம் வலம் மாற்றித்தான் சேமிக்கும். அவள் கையில் வாட்ச் கட்டியிருந்தாளா, சட்டைப் பட்டன் எந்தப் பக்கம், பின்னால் காலண்டரில் எழுத்து நேராக இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த தடவை பின் கேமராவில், தலை முதல் கால் வரை தெரியும்படி எடுங்கள். இதையும் அழிக்க வேண்டாம், எப்படி எடுத்தது என்று சொல்லிக் கொடுங்கள்.